சிறப்புப் பிள்ளைக்கு ஏற்ற கார் இருக்கை: செலவை ஏற்பது யார்?

வாரந்தோறும் சிகிச்சைக்காகப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் மலேசியாவில் நிறைய உண்டு. அப்பா வண்டியை ஓட்டுவார். அம்மா பின்னிருக்கையில் எட்டு வயது மகனை மடியில் சாய்த்து, ஒரு கையால் தலையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டே வருவார். பிள்ளைக்குப் பெருமூளை வாதம், கழுத்து நிற்காது. கடையில் வாங்கிய சாதாரண இருக்கையில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் தலை மார்பின் மேல் சரிந்து மூச்சுத் திணறும். ஆகவே மடியில் வைத்திருப்பதுதான் பத்திரம் என்று அந்தத் தாய் நம்புவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் விபத்தின்போது அந்தப் பிடி நிற்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த ஒரு கணத்தில் கிட்டத்தட்ட 280 கிலோ பாரமாக முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. வாரை மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் தாயின் உடலே பிள்ளையை நசுக்கிவிடும்.

மலேசியாவில் 2009 ஜனவரி முதல் தேதியிலிருந்து பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தனியார் வாகனங்களில் பயணம் செய்யும் சிறுவர்களைச் சி.ஆர்.எஸ். எனப்படும் பாதுகாப்பு இருக்கையில் அமர்த்த வேண்டும் என்ற விதியும் வந்தது. தொடக்கத்தில் தண்டம் விதிப்பதைவிட விழிப்புணர்வே முன்வைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2012 முதல், 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் கொண்டவர்கள் தகுந்த இருக்கை இல்லாமல் காரில் பயணம் செய்யக் கூடாது. இரண்டு விதிகளும் நல்ல விதிகள்தான். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளைக்கு எந்த இருக்கை, அதை யார் வாங்கித் தருவது என்ற கேள்விக்கு விதியில் பதில் இல்லை.

சாதாரண இருக்கை ஏன் போதாது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடற்பேறு குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் சிறப்பு இருக்கை தேவைப்படுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019ஆம் ஆண்டில் இது குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண இருக்கையையே சரியாகப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. துண்டைச் சுருட்டி உடலின் இரு பக்கமும் வைப்பது, கீழே வழுக்காமல் இருக்கக் கால்களுக்கு இடையில் வரும் வாருக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சிறு சுருட்டு வைப்பது போன்ற எளிய வழிகள் பல பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் அந்தத் துண்டைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலோ அடியிலோ வைக்கக் கூடாது. மோதும்போது துணி அமுங்கி வார் தளர்ந்துவிடும். தலை சரிகிறதே என்று நெற்றியில் பட்டை கட்டி இருக்கையோடு பிணைப்பது இன்னும் ஆபத்து. உடல் முன்னால் போகும், தலை மட்டும் பின்னால் நிற்கும். அடி கழுத்தெலும்பில் விழும்.

இவ்வளவு செய்தும் முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெருமூளை வாதத்தால் உடல் வில்லாக வளைந்து விறைக்கும் பிள்ளை சாதாரண வாரிலிருந்து நழுவிவிடும். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரு தொடைகளையும் அகட்டி மாவுக்கட்டுப் போட்ட குழந்தையைப் பக்கச் சுவர் உயர்ந்த இருக்கையில் வைக்கவே முடியாது. எலும்பு எளிதில் முறியும் நோய் உள்ள கைக்குழந்தையைச் சில வேளைகளில் படுத்த நிலையில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்கென்றே கார் தொட்டில் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் சிக்கல் வேறு. அவன் உடல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே கொக்கியைக் கழற்றிவிட்டு எழுந்து ஓட்டுநரைப் பிடித்து இழுப்பான். அவனுக்கு முதுகுப்பக்கம் பூட்டும் உடுப்பு வார் பொருந்தலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக எடை. சாதாரண இருக்கைகளின் பழைய ஐ.நா. தரக் குறியீடான ஆர்44 மொத்தம் 36 கிலோவோடு நின்றுவிடும். மற்றப் பிள்ளைகள் அந்த எடைக்கு வரும்போது பெரியவர்களின் வாரையே மாட்டிக்கொள்ளலாம். உட்காரவே முடியாத பிள்ளைக்கு அந்த வழி இல்லை. சிறப்பு இருக்கைகளில் சில 45 கிலோவுக்கு மேலும் தாங்கும்படி செய்யப்படுகின்றன. பக்கவாட்டுத் தாங்கிகள், தலையணைப்பு, தொடைகளைப் பிரித்து வைக்கும் திண்டு, கால்பலகை ஆகியவற்றைப் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது ஒரு சின்ன அடையாளத்தைக் கவனிக்கலாம்: ஆர்44 முத்திரையில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது சிறப்புத் தேவை உள்ளோருக்கான இருக்கையாகச் சோதிக்கப்பட்டது என்று பொருள். சிகிச்சைக்கூடத்தில் பயன்படுத்தும் சாய்வு நாற்காலியைக் காரில் கட்டி வைப்பது இதற்கு ஈடாகாது. மோதல் சோதனை செய்யப்படாத நாற்காலி காரில் வெறும் மரச்சாமான்தான்.

செலவு யார் தலையில்?

இத்தகைய இருக்கைகள் பேரங்காடியில் அடுக்கி வைத்து விற்கப்படுவதில்லை. மறுவாழ்வுக் கருவிகள் விற்கும் நிறுவனங்கள் வழியாக, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. சிகிச்சைக்காக ஒருவர் வேலையை விட்டுவிட்ட குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவ அட்டை இருக்கிறதே, காப்புறுதி நிறுவனம் கொடுக்காதா என்று பெற்றோர் முதலில் கேட்பார்கள். பொதுவாகக் கொடுக்காது. பிறவிக் குறைபாடுகளும், உடலுக்கு வெளியே பயன்படுத்தும் கருவிகளும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். தங்கள் பத்திரத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. சொக்சோ, வேலை செய்து சந்தா கட்டிய தொழிலாளியின் சொந்த மறுவாழ்வுக்குத்தான் கருவிகள் தருகிறது. அவருடைய பிள்ளைக்கு அதிலிருந்து கிடைக்காது.

மிஞ்சுவது சமூக நல இலாகா. உடற்பேறு குறைந்தோருக்குச் செயற்கை உறுப்புகளும் ஆதரவுக் கருவிகளும் வாங்க அந்த இலாகா உதவித் தொகை வழங்குகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளை ஓகேயூ அட்டை பெற்றிருக்க வேண்டும், குடும்பத்துக்குச் சொந்தமாக வாங்கும் வசதி இல்லை என்று காட்ட வேண்டும், மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். வழக்கமாக இந்த உதவியின் கீழ் சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி ஆகியவையே அதிகம் பேசப்படுகின்றன. கார் இருக்கை என்று ஒரு பெற்றோர் போய் நின்றால் முகப்பிடத்தில் இருப்பவர் புருவத்தை உயர்த்தலாம்.

ஓகேயூ பதிவில் 7 பிரிவுகள் உண்டு. பெருமூளை வாதம் உடல் குறைபாட்டுப் பிரிவில் வரும். டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். கற்றல் குறைபாடு என்று அச்சிட்ட அட்டையைக் காட்டி உடல் தாங்கும் இருக்கை கேட்டால், "படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இது எதற்கு?" என்ற கேள்வி எழக்கூடும். அப்படிக் கேட்பவரையும் குறை சொல்வதற்கில்லை. அட்டை அவ்வளவுதான் சொல்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும், சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக இராது என்ற செய்தி மருத்துவரின் கடிதத்தில்தான் வர வேண்டும்.

வருமான வரி கட்டுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு. உடற்பேறு குறைந்த தமக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ வாங்கும் அடிப்படை ஆதரவுக் கருவிக்கு 6,000 வெள்ளி வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி வாரியத்தின் விளக்கத்தில் சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கருவி, இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஆகியவை எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ளன, மூக்குக்கண்ணாடி சேராது. 6,000 வெள்ளி கழிவு என்றால் 6,000 வெள்ளி கையில் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. 11 விழுக்காடு வரி கட்டும் ஒருவருக்கு அதனால் மிச்சமாவது 660 வெள்ளிதான். கார் இருக்கை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆகவே ரசீதில் வெறும் 'கார் சீட்' என்று எழுத விடாமல், உடற்பேறு குறைந்தோருக்கான உடல் தாங்கும் இருக்கை என்று முழுமையாக எழுதச் சொல்லி, மருத்துவர் கடிதத்தோடு 7 ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

அண்டை நாடான சிங்கப்பூரில், 2013இல் தொடங்கப்பட்ட எஸ்ஜி எனேபல் அமைப்பு உதவித் தொழில்நுட்ப நிதியைக் கவனித்து வருகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, கருவியின் விலையில் 90 விழுக்காடு வரை, ஒருவருடைய ஆயுளில் 40,000 சிங்கப்பூர் வெள்ளி வரை உதவி தரும் திட்டமாக அது அமைந்தது. தகுதி பெற்ற சிகிச்சையாளர் பிள்ளையை நேரில் மதிப்பிட்டு, இந்தக் கருவி ஏன் தேவை என்று எழுத வேண்டும். அந்த மதிப்பீடு இல்லாமல் விண்ணப்பம் நகராது.

'கார்' என்ற சொல் செய்யும் கெடுதல்

இங்கேதான் மூலச் சிக்கல் இருக்கிறது. அதே பிள்ளைக்கு அதே தாங்கிகள் வைத்த சக்கர நாற்காலி கேட்டால் அது மருத்துவக் கருவி. அந்தத் தாங்கிகளை மோதலைத் தாங்கும் கூட்டில் பொருத்திக் கேட்டால் அது கார் சாமான் ஆகிவிடுகிறது. பெயரில் 'கார்' வந்தவுடன் கேட்பவரின் மனத்தில் சீட் உறையும் ஒலிபெருக்கியும்தான் வருகின்றன.

இந்த வழக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அங்கே வசதி குறைந்தோருக்கான அரசாங்க மருத்துவத் திட்டம் மெடிக்கெய்ட். அதில் சிறுவர்களுக்கென 1967இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1989இல் அது வலுப்படுத்தப்பட்டு, 21 வயதுக்கு உட்பட்டோருக்கு மருத்துவத் தேவை என்று நிறுவப்படும் சிகிச்சையை, பெரியவர்களுக்கு மாநிலம் தராத ஒன்றாக இருந்தாலும், தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. அப்படியும் சிறப்பு இருக்கை விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுகிறது. மறுப்பவர்கள் ஒரு வாதத்தை வைப்பார்கள்: "கார் இருக்கை எல்லாப் பிள்ளைக்கும் சட்டப்படி தேவை, எல்லாப் பெற்றோரும் சொந்தப் பணத்தில்தானே வாங்குகிறார்கள்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதில் உண்டு. மற்றப் பெற்றோர் சில நூறு வெள்ளிக்கு வாங்கி முடித்துவிடும் ஒன்றை, இந்தப் பெற்றோர் பல மடங்கு விலைக்கு, அதுவும் பிள்ளை பதின்ம வயதைத் தாண்டிய பிறகும் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் செலவுக்குக் காரணம் காரா, நோயா? நோய்தான். காருக்கு வெளியே அந்தப் பிள்ளையின் கழுத்தைத் தாங்கக் கருவி தருகிற திட்டம், காருக்கு உள்ளே தாங்க மறுப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அங்கே வெற்றி பெறும் விண்ணப்பங்கள் இந்த வாதத்தைத்தான் கடிதத்தில் கொண்டுவருகின்றன. சட்டம் வேறாக இருந்தாலும், கடிதம் எழுதும் முறையை மலேசியப் பெற்றோரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

வெளிநோயாளிப் பிரிவில் நெரிசலுக்கு நடுவே மருத்துவர் எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரிதான்: "இப்பிள்ளைக்குப் பெருமூளை வாதம். சிறப்புக் கார் இருக்கை தேவைப்படுகிறது. தக்கது செய்யவும்." படிக்கும் அதிகாரிக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவர் மறுத்தால் அது கல்நெஞ்சத்தால் அல்ல, கையில் காரணம் இல்லாததால்.

பயன் தரும் கடிதம் பிள்ளையின் உடலிலிருந்து தொடங்கும். வயது, எடை, உயரம். தலையை எத்தனை நிமிடம் தானாக நிமிர்த்தி வைக்க முடிகிறது. முதுகுத்தண்டு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது. உணவுக் குழாய், மூச்சுக் கருவி, வலிப்பு உண்டா. அடுத்தது, சாதாரண இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பது. இதுதான் கடிதத்தின் உயிர்நாடி. எந்த வகை இருக்கை, துண்டுச் சுருட்டு வைத்தும் தலை எப்படிச் சரிந்தது, உதடு நீலம் பாய்ந்ததா, வாரிலிருந்து தோள் வெளியே வந்ததா என்று எழுத வேண்டும். சாதாரணத்தை முயன்று பார்க்காமலே சிறப்பைக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் படிப்பவருக்கு வரக் கூடாது.

அதன் பிறகு கேட்கும் இருக்கையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம். பக்கத் தாங்கி முதுகு வளைவுக்காக. தொடைத் திண்டு இடுப்பு மூட்டு நழுவாமல் இருக்க. சாய்வு மூச்சுப் பாதை அடைபடாமல் இருக்க. காரணம் சொல்ல முடியாத பாகத்தைக் கேட்காமல் விடுவதே மேல், ஏனென்றால் குளிர்பானம் வைக்கும் தாங்கி ஒன்று விலைப்பட்டியலில் இருந்தால் முழு விண்ணப்பமும் சொகுசாகத் தெரியும். கடைசியில் பயணத்தின் தேவை: வாரம் எத்தனை முறை சிகிச்சை, எவ்வளவு தூரம், சிறப்புப் பள்ளிக்குப் போக வேறு வண்டி உண்டா. மடியில் வைத்துக் கொண்டுபோவதால் சிகிச்சையே தவறிப்போகிறது என்றால் அதையும் எழுதலாம்.

இவ்வளவையும் மருத்துவர் எழுத நேரம் இராது. எழுதத் தகுந்தவர் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர். பிசியோதெரபிஸ்டும் எழுதலாம். மருத்துவர் கையொப்பமிட்டு முத்திரை வைத்தால் போதும். பெற்றோர் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு: நிறுத்தி வைத்த காரில், சாதாரண இருக்கையில் பிள்ளையை அமர்த்தி, முன்னாலும் பக்கத்திலும் இரண்டு படம் எடுத்துச் சிகிச்சையாளரிடம் கொடுக்க வேண்டும். பத்து வரி செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்யும்.

விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் இருக்கையைச் சொந்தக் காரில் பொருத்திப் பார்ப்பது அவசியம். சிறப்பு இருக்கைகள் அகலமானவை. மைவி போன்ற காரின் பின்னிருக்கையில் அதை வைத்தால் பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார இடம் இருக்குமா, கதவு மூடுமா, பிள்ளையைத் தூக்கி உள்ளே வைக்கத் தாயின் முதுகு இடம் கொடுக்குமா என்பவை காகிதத்தில் தெரியாது. சில இருக்கைகளுக்கு மேல் பக்கத்தில் ஒரு வார் கட்ட வேண்டும். பழைய கார்களில் அதற்கான கொக்கி இல்லாமல் போகலாம். அரசாங்க உதவி கிடைத்து வாங்கிய இருக்கை காரில் நுழையாமல் வீட்டு வரவேற்பறையில் கிடந்தால், அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அந்தக் குடும்பத்தின் பேச்சு எடுபடாது. ஒப்புதல் வருவதற்கு முன்பே பணம் கட்டி வாங்கிவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு குடும்பம் பயன்படுத்திய இருக்கை இலவசமாகக் கிடைத்தால் வாங்கலாமா? கொடுப்பவரை நன்கு தெரிந்திருந்தால், அது எந்த விபத்திலும் சிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், தயாரிப்பாளர் குறித்த காலக்கெடு முடியாமல் இருந்தால், வாங்கலாம். அப்போதும் சிகிச்சையாளர் ஒருமுறை அதில் பிள்ளையை அமர்த்திப் பார்க்க வேண்டும். வேறொரு பிள்ளையின் முதுகுக்கு வைத்த தாங்கி இந்தப் பிள்ளையின் விலாவில் குத்தும்.

மறுப்பு வந்தால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். "பட்டியலில் இல்லை" என்பது ஒரு பதில். "மருத்துவத் தேவை விளங்கவில்லை" என்பது வேறு பதில். முதலாவதற்கு மேலதிகாரியிடம் போக வேண்டும். இரண்டாவதற்குச் சிகிச்சையாளரிடம் திரும்பிப் போய்க் கடிதத்தைத் திருத்தினால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல், ஒரே கடிதத்தை மூன்று அலுவலகங்களுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்துப்போகும் பெற்றோர்தான் அதிகம். சமூக அமைப்புகளிடமும் ஆலய நிர்வாகங்களிடமும் நன்கொடை கேட்டுப் போகிறவர்களுக்கும் அதே கடிதம்தான் கைகொடுக்கும். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் கொடுப்பவர் கணக்குப் பார்க்கமாட்டார்.

பெரியவர்களின் நிலை தனி. பக்கவாதம் வந்த அப்பாவைக் காரில் ஏற்றி இறக்க, வெளிப்பக்கம் திரும்பும் சுழல் இருக்கை உண்டு. மேலே சொன்ன வரிக் கழிவு பெற்றோருக்கு வாங்கும் கருவிகளுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அதற்கு அப்பாவும் ஓகேயூ பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு கட்டாயம் அல்ல, விருப்பத்தின் பேரில்தான். "இந்த வயதில் எனக்கு எதற்கடா ஊனமுற்றோர் அட்டை?" என்று அப்பா மறுப்பார். மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒருமுறை கிடைத்த இருக்கை ஆயுளுக்கும் வராது. தோளின் உயரம், வார் வெளிவரும் மேல் துளைக்கு இரண்டு விரற்கடை கீழே வந்ததுமே அடுத்த அளவுக்கான கடிதத்தைத் தொடங்கிவிட வேண்டும். விண்ணப்பம் நகர மாதக்கணக்கில் ஆகலாம். பிள்ளை அதுவரை வளராமல் காத்திருக்கமாட்டான். முதல் கடிதத்தின் நகல், படங்கள், ஒப்புதல் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால், இரண்டாம் முறை சிகிச்சையாளர் எடையையும் உயரத்தையும் மட்டும் மாற்றி எழுதினால் போதும்.